பியூலா சொன்னது

நினைவுக்காட்டியின் தொப்பியைத் தலையில் மாட்டியபோது எப்சிபாவுக்கு உச்சந்தலை குளிர்ந்தது. எதிரே ஆளுயரத் திரை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் திரையில் ஓடும் நினைவு அணைந்துவிடும். போட்டியும் அத்தோடு முடிந்துவிடும்.

'உள்ளறை' நிகழ்ச்சியில் ஜெயித்தவர் கேட்பதைத் தொலைக்காட்சி நிலையம் கொடுக்கும். எப்சிபா கேட்டது செயற்கை நுரையீரல். தூத்துக்குடியில் அவள் கணவன் தனராஜ் நான்கு தலையணையை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிப் பட்டியலில் அவன் முறை வர ஐந்து வருடம் ஆகும். டாக்டர் கொடுத்த கெடு ஆறு மாதம்.

முதல் இரண்டு சுற்றிலும் அவளுடைய சொந்த அவமானங்கள்தான் ஓடின. அரங்கம் சிரித்தது, உச்சுக்கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள்.

மூன்றாவது, கடைசிச் சுற்றில் அவள் வீட்டு அடுப்படி தெரிந்தது. தங்கை பியூலா தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். குரலை மாற்றவில்லை.

"அக்கா, யார்ட்டயும் சொல்லிராத. எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. பதினஞ்சு வயசுல, அந்த டியூஷன் சார் வீட்டுல..."

எப்சிபாவின் விரல் பொத்தானைத் தொட்டுவிட்டது.

"இது என் தங்கச்சியோடது. என்னோடது இல்ல!"

தொகுப்பாளர் கனிவாகச் சிரித்தார். "யார் தலைல இருக்கோ அவங்களுக்குத்தாம்மா நினைவு சொந்தம். சட்டமே அப்படித்தான். வேண்டாம்னா அழுத்துங்க, உங்க இஷ்டம்."

தனராஜ் மூச்சுக்குத் திணறும் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது. விரலை எடுத்துக்கொண்டாள். பியூலா கடைசிவரை பேசி முடித்தாள்.

தனராஜுக்குச் செயற்கை நுரையீரல் பொருத்திய மூன்றாம் நாள் பியூலா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அறைக்குள் வரவில்லை.

"அத்தான் மூச்சு விடுதாங்களா?"

"விடுதாங்க. பியூலா, என்னைய..."

"எங்க வீட்டுக்காரரு பிள்ளையத் தூக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாரு. ஏன் முதல்லயே சொல்லலன்னு கேக்காரு." அவள் குரலில் கோபமே இல்லை. "உன்னையக் குத்தம் சொல்லல. ஆனா இனிமே என்னைப் பாக்க வராதக்கா. நீ பாத்ததெல்லாம் உனக்குச் சொந்தமாயிருதுல்லா."

எப்சிபா வாசல்வரை ஓடினாள். பியூலா திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடம் ஊரில் பாதிப் பேர் 'உள்ளறை'க்கு மனுப் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு தேவை இருந்தது. யார் போட்டது, யார் போடாதது என்று தெரியாததால் எல்லோரும் எல்லோரிடமும் வெயிலைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். பாவமன்னிப்பு கேட்கக்கூட ஆள் வருவதில்லை என்று மாதா கோயில் சாமியாரே பிரசங்கத்தில் வருத்தப்பட்டார்.

ஒரு மத்தியானம் தனராஜுக்குக் கடிதம் வந்தது. படித்ததும் அவன் முகம் வெளுத்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"என்ட்டயுமா சொல்லக்கூடாது?"

அவன் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். "நீ சொல்ல மாட்ட எப்சி, அது எனக்குத் தெரியும். உன் தலை சொல்லிருமே."

எழுந்து மாடிக்குப் போனான். கீழே நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது படியையும் அவன் ஓரிடத்திலும் மூச்சு வாங்காமல் ஏறினான். பிறகு மேலே தாழ் போடும் சத்தம் கேட்டது.