ஒரே ஆணியில் இரண்டு ரொட்டி

காலைத் தேநீர் கொதிக்கும் முன்பே மாமியார் ஓயிஷா பீபியின் குரல் அரண்மனை உள்கட்டு முழுக்கக் கேட்டது.

"ரொட்டி எங்கடி? ஆணி மட்டும்தான் இருக்கு. என் பேரன் கடிச்சு வச்ச ரொட்டி எங்க?"

பெட்டி கட்டிக்கொண்டிருந்த மருமகள் ஜெபினிசா நிமிர்ந்து பார்த்தாள். புகாராவில் அமீரின் கோட்டை புரட்சிப் படையிடம் விழுந்து நான்கு நாள். அவள் கணவர், கோக்தாஷை ஆண்ட 'பேக்' என்னும் சிற்றரசர், மூன்று வயது மகனோடு ஆற்றைக் கடந்து தப்பிக்க நேற்றே ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். மாமியாரும் மருமகளும் இன்று மதியத்துக்குள் வண்டியேற வேண்டும். சந்தைப் பக்கம் புகை எழுந்துகொண்டிருந்தது. காவலர்களில் பாதிப் பேரைக் காணோம். மிச்சப் பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேரன் நாதிர், பேக்கின் இறந்துபோன மூத்தாள் பெற்ற பிள்ளை. வசந்தத்தில் படையோடு கிளம்பியபோது, ஊர் வழக்கப்படி ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனான். மிச்ச ரொட்டி வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும். போனவன் திரும்பி வந்துதான் அதைத் தின்ன வேண்டும். ஆறு மாதமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

"வாயைத் திறயேண்டி. மூத்தாள் பிள்ளை திரும்பி வரக்கூடாது, நீ பெத்தவன் பட்டத்துக்கு வரணும்... அதுக்குத்தானே தூக்கி எறிஞ்ச? பட்டமே பறிபோச்சு. இன்னுமா உன் ஆசை அடங்கல?"

பத்து வருஷமாகக் கேட்டுப் பழகிய பேச்சுதான். ஆனாலும் இன்று நெஞ்சை அறுத்தது. ஜெபினிசா நகைப்பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே நகை இல்லை. பட்டுத்துணியில் சுற்றிய காய்ந்த ரொட்டி இருந்தது. ஒரு ஓரத்தில் நாதிரின் பல்தடம்.

"நகையெல்லாம்...?"

"அலமாரியில கிடக்கு அத்தை. ஆளுக்கு ஒரு பெட்டிதான்னு வண்டிக்காரர் சொல்லிட்டார்." அவள் பெட்டியை மாமியார் பக்கம் நகர்த்தினாள். "வீட்டை எரிச்சிடுவாங்கன்னு பயந்தேன். அவன் ரொட்டியும் சேர்ந்து எரியணுமா? ஏழு வயசுலேருந்து என் மடியில வளர்ந்தவன் அத்தை..."

பீபி ரொட்டியைத் தடவிப் பார்த்தார்.

"பைத்தியக்காரி. இதை நீ ஆத்தைத் தாண்டிக் கொண்டுபோனா, அவன் எந்த வீட்டுக்கு வருவான்?"

"வீட்டுல ஆளே இருக்காதே அத்தை."

"நான் இருக்கேன்."

"வேண்டாம் அத்தை... உங்களைக் கொன்னுடுவாங்க."

"கொல்லட்டும். பத்து வருஷம் உன்னை வாயாலேயே கொன்னேன். நீ செத்தா போன?" பீபி அவள் முகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இருவரும் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

பிறகு பீபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேற்றுச் சுட்ட ரொட்டி ஒன்றை எடுத்து வந்தார்.

"கடி. உன் புருஷன் அவசரத்துல கடிக்காமலே போயிட்டான். நீயாவது கடிச்சிட்டுப் போ."

ஜெபினிசா கடித்தாள். பீபி இரண்டு ரொட்டிகளையும் ஒரே ஆணியில் மாட்டினார்.

"உங்க ரொட்டி அத்தை?"

"நான் எங்கடி போறேன்?"

பெட்டியில்லாமல் வெறுங்கையோடு வண்டியேறினாள் கோக்தாஷின் ராணி. சந்தைப் பக்கம் துப்பாக்கி வெடித்தது. குதிரைகள் மிரண்டு ஓடத் தொடங்கியபோது, பின்னால் பெரிய கதவின் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து யாரோ மெல்லப் போடும் சத்தம் அவளுக்குக் கேட்டது.