எதுவரை என்று போடாத கடிதம்

திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: ஜன்னலுக்கு முதுகு காட்டிக் கணவன், குளிர்பதனப் பெட்டியை ஒட்டி, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் நாத்தனார், இருவருக்கும் நடுவில், தலையணை போட்டு உயர்த்திய நாற்காலியில் எட்டு வயது மகள், வீட்டில் கூப்பிடும் பெயர் வாலு. அடுப்படிப் பக்கம் இருந்த நான்காவது நாற்காலி வாலுவின் அம்மாவான அவளுடையது. அது காலி. ஆனால் கொஞ்சம் பின்னால் தள்ளப்பட்டிருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்து போனதைப் போல.

அவள் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கையில் எழுதி முடித்த நான்கு தாள்கள்.

"எனக்கு எடுத்து வைக்கலையா?"

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இப்பத்தானே சாப்பிட்ட?" என்றான் கணவன்.

"நான் உள்ள எழுதிட்டு இருந்தேன்."

"அம்மா, மூணாவது கதை சொல்றேன்னு எழுந்து போன. சொல்லு" என்றாள் வாலு.

நான்காவது நாற்காலிக்கு முன்னால் அவளுடைய தட்டு வழித்துத் துடைத்தாற்போல் கிடந்தது. விளிம்பில் ஒரு விரல் தடம். கேலி செய்கிறார்கள், இத்தனை நாள் எழுத்து எழுத்து என்று உட்கார்ந்ததற்குக் கூட்டுச் சேர்ந்து பழி வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்தாள். உட்காரும் பலகையில் கை பட்டது. வெதுவெதுவென்று இருந்தது.

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக வந்தது என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் பொருள், பார்வை, நாள் போட்டுப் பதில் தயாரிப்பாள். ஐந்து மணிக்கு வீடு. ஐந்தரை முதல் ஆறரை வரை அவளுடைய மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "உன் பிளாக்கைப் படிச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது" என்று கணவன் கேட்டதும், "முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு என்னவோ ஆகுது" என்று அவள் திருப்பிக் கொடுத்ததும் தெருவுக்கே கேட்டிருக்கும். கடைசியில் இஸ்திரிப் பலகைக்கும் பழைய சூட்கேஸ்களுக்கும் இடையில் ஒரு மேசையைப் போட்டாள். 'எழுதும் நேரம். தட்டாதீர்கள்' என்று அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினாள். போன் உள்ளே வரக்கூடாது. பிழையான அலுவலகத் தாள்களின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி, மறுநாள் பஸ்ஸில் போனில் தட்டி வலைப்பூவில் ஏற்றுவாள். கடிதமே வேண்டும் என்று கேட்கும் ஓரிரு வாசகர்களுக்குக் கையால் பதில் எழுதி அனுப்ப உறைகளும் கோந்தும் அந்த மேசையிலேயே இருந்தன.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் எதிர் நாற்காலி எழுத்தர் அவளைப் பார்த்துச் சிரித்தான். விட்டுப்போன புள்ளியும் கமாவும் கண்ணில் படாமல் தப்பாது என்பதால் பிரிவில் அவனுக்குக் கமா என்றே பெயர்.

"அக்கா, நேத்து காலைல நீங்க போட்ட பதிவு படிச்சேன். சிரிச்சு மாளலை."

ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையாக எழுதியதுதான். லீவில் போகிறவர் பொறுப்பை ஒப்படைத்துக் கடிதம் கொடுப்பது அலுவலக வழக்கம். அதே பாணியில் அவள் வீட்டை ஒப்படைத்திருந்தாள். 'இன்று மாலை ஐந்தரை மணி முதல் கீழ்க்கண்ட பொறுப்புகளை, ஏற்க முன்வருபவரிடம் ஒப்படைக்கிறேன்: அடுப்பு. பாத்திரம். மகளுக்குக் கதை. கணவர் சொல்லும் கடைக் கதைக்கு அப்படியா என்று கேட்பது. சிரிப்பு.' கீழே ஒப்படைப்பவர் என்ற இடத்தில் முழுக் கையெழுத்து. ஏற்பவர் என்ற இடத்தில் வெறும் புள்ளிக்கோடு.

"எல்லாம் சரி. ஆனா எதுவரைக்கும்னு போடலையே?"

"என்னது?"

"அஞ்சரைல இருந்துன்னு இருக்கு. எதுவரைக்கும்னு இல்ல. இங்க அப்படிக் கொடுத்துப் பாருங்க, திரும்பி வந்தா உங்க சீட்ல வேற ஆள் உட்கார்ந்திருப்பான். காலி பண்ணுன்னு சொல்ல உங்ககிட்ட காகிதம் இருக்காது."

அவளும் சிரித்தாள். பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு கடிதம் அவள் மேசையைத் தாண்டியதில்லை. தன் வீட்டுக் கடிதத்தில் கோட்டை விட்டிருக்கிறாள்.

அன்று ஆறரைக்கு வெளியே வந்ததும் நாத்தனார் மருந்துப் பெட்டியோடு காத்திருந்தாள்.

"அண்ணி, கையைக் காட்டுங்க. கட்டு நனைஞ்சிருந்தா மாத்திடலாம்."

"எந்தக் கட்டு?"

வலது கையை நாத்தனாரே பற்றித் திருப்பினாள். பிறகு இடது கையை. பிறகு மறுபடி வலது கையை. "நேத்து அடுப்புல சுட்டுக்கிட்டீங்களே, பெருவிரல்ல. நான்தானே கட்டுப் போட்டேன்? இவ்வளவு பெரிய கொப்புளம்." அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். "உங்களுக்கு ஆறுற வேகத்தைப் பார்த்தா எங்க ஆஸ்பத்திரியை இழுத்து மூட வேண்டியதுதான்."

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் தொட்ட விரலை உடனே விட்டுவிட்டாள்.

புதன்கிழமை, மேசையில் தாள் விரித்திருந்தும் அவள் எழுதவில்லை. கேட்டாள். இஸ்திரித் துணியின் கருகல் வாசனைக்கும் சூட்கேஸ்களின் பூஞ்சை வாசனைக்கும் நடுவில், கதவுக்கு அப்பால் குழாய் திறக்கும் சத்தம், பாத்திரத்தின் மேல் பாத்திரம் அமரும் சத்தம், கணவன் தன் கண்ணாடிக் கடையில் அன்று யாரோ மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே தேடிய கதையை விரிவாகச் சொல்லும் சத்தம், அது முடிந்த இடத்தில் சரியாக ஒரு "அப்படியா?" என்ற குரல், அதற்குப் பின் ஒரு சிரிப்பு. அவளுடைய சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவள் சிரித்த சிரிப்பு. தாழ்ப்பாளை இழுத்து ஓடினாள். அடுப்படியில் யாருமில்லை. குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஈரக் கால்தடங்கள் தொட்டியிலிருந்து பாதி தூரம் வந்து நின்றுவிட்டிருந்தன. கணவன் சிரிப்பு அடங்காத முகத்தோடு திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்ததும் அந்தச் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"என்ன, அதுக்குள்ள மூஞ்சி மாறிடுச்சு?"

இதை யாரிடம் சொல்வது? வீட்டில் யாருக்கும் குறை இல்லையே. குறை இருந்தால் அல்லவா புகார் வரும்?

வாலு பள்ளி டைரியைக் கொண்டுவந்தாள். "கையெழுத்துப் போடுன்னு அப்பவே கொடுத்தேன். நீ பேனாவை வெச்சுக்கிட்டுப் பார்த்துட்டே இருந்த. போடவே இல்ல."

பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் எழுத்து இல்லை. பேனா முனையை அழுத்தி அழுத்திக் குத்திய புள்ளிகள் மட்டும். தாள் கிழிந்து அடுத்த பக்கமும் ஓட்டையாகியிருந்தது. பயத்தின் நடுவிலும் அவளுக்குள் ஒன்று நிமிர்ந்தது. அதற்குச் சமைக்கத் தெரிகிறது, சிரிக்கத் தெரிகிறது. எழுதத் தெரியாது.

"அடியே, அது ஒண்ணுதான் உன்னால முடியாது" என்று வாய்விட்டே சொன்னாள்.

"யாரைம்மா?"

"உன்னை இல்லடி கண்ணு." அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.

நிறுத்திவிடலாம். ஒரு வாரம் எழுதாமல் எல்லோரோடும் மேசையில் உட்கார்ந்தால் அது வர இடமிருக்காது. ஆனால் யாருக்காக நிறுத்துவது? கணவன் கேட்டு நிறுத்தவில்லை, ஊரிலிருந்து வந்தபோது மாமனார் முகம் சுளித்து நிறுத்தவில்லை, பெயரில்லாத ஒன்று தட்டில் கை வைத்ததற்காக நிறுத்துவதா? எழுத்தும் என்னுடையது, வீடும் என்னுடையது. இரண்டையும் விடமாட்டேன்.

வியாழக்கிழமை எதுவரை என்ற வரியைச் சேர்த்து ஒரு திருத்தம் எழுதினாள். ஆறரை வரை. ஆறரைக்குத் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்து நடையில் நின்றாள். குரல் நிற்கவில்லை. ஆறு முப்பத்தைந்து. நாற்பது. அடுப்படியில் அவளுடைய குரல் மூன்றாவது கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது, அவள் வாலுவுக்குச் சொல்லாமல் தள்ளிப்போட்ட கதை. அவள் ஓர் அடி வைத்தாள். குரல் நின்றது. ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது.

போனபோது வாலு அழுதுகொண்டிருந்தாள். "முடிவு சொல்லாம எங்கம்மா போன?"

அவளுக்கு அந்தக் கதையின் முடிவு தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை போகாமல் இருந்திருக்கலாம். போனாள். என் அறைக்குள் போக எனக்கு என்ன பயம்? ஐந்தரைக்குத் தாழ்ப்பாள் போட்டாள். ஒரு பக்கம் எழுதினாள். எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு திறக்கவில்லை.

பூட்டியிருந்தால் இறுகி நின்றிருக்கும். இது மெல்ல விட்டுக்கொடுத்து, மெல்லத் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் யாரோ முதுகைச் சாய்த்து நிற்பதைப் போல.

தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். கணவனை அழைத்தாள். மகளை அழைத்தாள்.

"அம்மா, ஸ்டோர் ரூம்ல ஏதோ சத்தம்." வாலு.

"அட்டையைப் படிச்சியா, கண்ணு?" கதவை ஒட்டி, மிக அருகில், அவளுடைய குரல். "என்ன போட்டிருக்கு?"

"எழுதும் நேரம். தட்டாதீர்கள்."

"அப்புறம் என்ன? வா, சாப்பிடலாம்."

நான்கு நாற்காலிகள் இழுபட்டன. எண்ணினாள். நான்கு.

பல்பு ஒருமுறை மங்கி எரிந்தது. காற்றில் தீக்காய மருந்தின் வாசனை. அவள் கத்தவில்லை. கத்தி இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது? காகிதத்தில் கொடுத்ததைக் காகிதத்தில்தான் வாங்க வேண்டும். உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். எழுத்து நடுங்கவில்லை.

'பொருள்: ஒப்படைத்த பொறுப்புகளைத் திரும்பப் பெறுதல். பார்வை: எனது ஞாயிற்றுக்கிழமைக் கடிதம். மேற்படிக் கடிதத்தில் கண்ட பொறுப்புகள் அனைத்தையும் இந்த நிமிடம் முதல் நானே ஏற்கிறேன். கணவர் என்னுடையவர். மகள் என்னுடையவள். நான்காவது நாற்காலி என்னுடையது. எழுதுவதையும் நான் நிறுத்துவதாக இல்லை. உமது கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்.'

ஏற்பவர். முழுக் கையெழுத்து. ஒப்படைப்பவர். புள்ளிக்கோடு.

மடித்தாள். உறையிலிட்டாள். கோந்து தடவி ஒட்டினாள். கதவடியில் தள்ளினாள். பாதி போனதும் அந்தப் பக்கத்திலிருந்து விரல்கள் வந்து பற்றின. பெருவிரலில் கட்டு. உறை மெதுவாக, மிக மெதுவாக, அவள் பிடியிலிருந்து உருவிப் போனது.

கிழிபடும் சத்தம்.

"அம்மா, யாரு லெட்டர்?"

"ஒரு வாசகி, கண்ணு. பாவம், பதில் போடணும்."

பிறகு அமைதி. தட்டுச் சத்தம் இல்லை. பேச்சு இல்லை. காதைக் கதவில் வைத்தாள். மரத்துக்கு அப்பால் ஏதோ கீறியது. நின்றது. மறுபடி கீறியது. முதல் எழுத்தைப் பழகும் குழந்தை பலகையில் இழுப்பதைப் போல, இழுத்து, வளைத்து, இழுத்து.

எழுதட்டும். நானும் எழுதுவேன். எத்தனை தாள் வேண்டுமானாலும். அவள் அடுத்த தாளை எடுத்தாள். மேலே எழுதி அடிக்கோடிட்டாள்: நினைவூட்டல் 1. எழுதினாள். மடித்தாள். ஒட்டினாள். குனிந்தாள்.

கதவடியில் கை ஏற்கெனவே காத்திருந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி. பெருவிரலில் கட்டு. ஆள்காட்டி விரலில், பேனா பிடிக்கும் இடத்தில், இன்னும் காயாத நீல மை.

அதுவும் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டது என்று புரிவதற்குள் கடிதம் அவள் கையை விட்டுப் போயிருந்தது.