திரும்பி வந்த வெள்ளைப் பந்து

"ஐயோ... கொலை! கொலை...!"

சிவகாசியின் அந்தக் கிளப்பில் மதிய நேர அமைதி ஒரே அலறலில் கிழிந்தது.

பில்லியர்ட்ஸ் மேஜையின் காலடியில் மணிகண்டராஜ் கிடந்தார். பட்டாசு ஆலை முதலாளி. பின்மண்டை பிளந்திருந்தது. உயிர் இல்லை!

அவர் தலையை மடியில் ஏந்தியபடி ஒருவன். கையெல்லாம் ரத்தம்.

சீனிச்சாமி!

போன மாதம் வெம்பக்கோட்டையில் அவருடைய ஆலை ஷெட் வெடித்ததில் மனைவி செல்வலட்சுமியைப் பறிகொடுத்தவன்.

இன்ஸ்பெக்டர் கற்பகவல்லி வந்தபோது அவனுக்கு ஏற்கெனவே உதடு கிழிந்திருந்தது. கூட்டம் அடித்திருந்தது.

"நான் அடிக்கலம்மா..." அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "மொதலாளிதான் போன் போட்டாரு. 'செல்வலட்சுமி மேல தப்பு இல்லடா... நடந்ததைச் சொல்றேன், வா'ன்னாரு. வந்து பாத்தா இந்தக் கோலம்! உசுரு இருக்கான்னுதான் தலையைத் தூக்கினேன்."

"உன் சம்சாரம் மேல என்ன தப்பு?"

"பட்டாசு மருந்தை உரசி வெடிக்க வச்சது அவதான்னு கம்பெனியில எழுதிட்டாகம்மா. செத்தவ வந்து பதில் சொல்லுவாளா...?"

கற்பகவல்லி அடுத்தவன் பக்கம் திரும்பினாள்.

முதலில் அலறியவன் அவன்தான், சரவணக்குமார். இறந்தவரின் மைத்துனன். ஆலை நிர்வாகத்தைப் பார்ப்பவன். அழுது கண் சிவந்திருந்தது.

"என்ன பாத்தீக? சொல்லுங்க."

"கதவுகிட்ட வந்தேன் மேடம். அத்தான் குனிஞ்சு அடிச்சாரு. வெள்ளைப் பந்து அந்தக் கோடிக்குப் போயி சிவப்புல மோதுச்சு. சிவப்பு பாக்கெட்டுல விழுந்துச்சு. வெள்ளை சர்ருனு இங்கனயே திரும்பி வந்துச்சு! அத்தான் நிமிர்றதுக்குள்ள... இந்தப் பாவி பின்னால இருந்து குச்சியால ஓங்கி..."

முகத்தை மூடிக்கொண்டான்.

உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போயிற்று. கைரேகைக்காரர்களும் போட்டோகிராபரும் வேலையை முடித்துக்கொண்டார்கள்.

கற்பகவல்லி மட்டும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோதின பந்து எப்படி சார் திரும்பி வரும்?"

"எனக்கென்ன மேடம் தெரியும்? நான் குச்சியத் தொட்டதே இல்ல."

அவள் சுவரில் இருந்த வேறொரு குச்சியை எடுத்தாள். சிவப்பை எதிர்மூலை பாக்கெட் குழியின் வாயில் வைத்தாள். வெள்ளையை இந்தக் கோடியில். குனிந்தாள். அடித்தாள்.

சறுக்!

நுனி வழுக்கியது. பந்து எங்கோ ஓடியது.

மறுபடி. இந்த முறை பந்தின் அடியில், மெல்ல. வெள்ளை உருண்டு போய் சிவப்பைத் தள்ளிவிட்டு, பின்னாலேயே போய் அதுவும் குழியில் விழுந்தது!

சரவணக்குமார் முகம் சுளித்தான்.

மூன்றாவது முறை. குச்சியின் வால் வானத்தைப் பார்த்தது.

"துணி கிழிஞ்சிரும் மேடம்!" பதறினான். "குச்சிய சமமாப் பிடிங்க. நுனியில சாக் கட்டி தேய்க்காம அடிச்சா வழுக்கத்தான் செய்யும்."

"ஓ... அப்புறம்?"

"பந்தோட நடுவுக்குக் கீழ அடிக்கணும். பந்து முன்னால போகும்... ஆனா பின்பக்கமா சுத்திக்கிட்டே போகும். போற வழியில துணி உரசி அந்தச் சுத்தைக் குறைச்சிரும். மெதுவா அடிச்சீகன்னா பாதியிலயே தீந்துரும். அப்புறம் சும்மா உருளும்."

"அதான் என் பந்து குழியில விழுந்துச்சா?"

"ஆமா. இம்புட்டு தூரத்துக்கு வேகம் வேணும். சிவப்புல நேரா மோதினா வெள்ளையோட ஓட்டம் சிவப்புக்குப் போயிரும். சுத்து மட்டும் மிஞ்சும். அதான் பின்னால இழுக்கும். இங்கன குடுங்க!"

குச்சியைப் பிடுங்கினான். சாக் தேய்த்தான். குனிந்தான்.

டக்!

சிவப்பு மறைந்தது. வெள்ளை ஒரு நொடி நின்று, தயங்கி... விறுவிறுவென்று அவன் பக்கமே திரும்பி வந்தது!

"அருமை!" கற்பகவல்லி கை தட்டினாள். "குச்சியே தொடாத ஆளா நீங்க?"

அவன் நெற்றியில் வேர்வை.

"உங்க அக்கா ஞானசுந்தரி அழுதுக்கிட்டே போன்ல ஒண்ணு சொன்னாக. உங்க அத்தானுக்கு வலது தோள்ல ஆபரேஷனாம். சோத்தை வாய்க்குக் கொண்டு போகவே கஷ்டப்படுவாராம். இங்கன வந்தாலும் பந்தை மெதுவா உருட்டுறதோட சரியாம். அவரா இந்த அடி அடிச்சாரு?"

"மேடம்... அது..."

"அடிச்சது நீங்க. அவசரத்துல உங்க அடியையே அவரு அடிச்சதாச் சொல்லிட்டீக!"

குச்சி அவன் கையிலிருந்து நழுவியது.

"ஷெட்டை அவருக்குத் தெரியாம வேற ஆளுகளுக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தேன்..." தரையைப் பார்த்துச் சொன்னான். "நாலு பேர் இருக்க வேண்டிய எடத்துல பதினாறு பேரை அடைச்சு வேலை வாங்கினாக. வெடிச்சதும் பழியை அந்தப் பொம்பள மேல போட்டேன். எப்படியோ அத்தானுக்குத் தெரிஞ்சு போச்சு. விளையாடிக்கிட்டு இருக்கும்போதே, 'சீனிச்சாமி வந்துக்கிட்டு இருக்கான், எல்லாத்தையும் சொல்லப் போறேன்'னாரு. குச்சி கையில இருந்துச்சு மேடம்... இவன் வந்து தலையைத் தூக்கினதும் கத்திட்டேன்..."

வாசலில் நின்ற சீனிச்சாமி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அப்போ... என் செல்வலட்சுமி மேல தப்பு இல்லையாம்மா?"

"இல்லப்பா. கோர்ட்டுலயும் அதைச் சொல்ல வைக்கிறேன்."

அவன் வாய்விட்டு அழுதான். மனைவி செத்த பிறகு முதல் தடவையாக!

கான்ஸ்டபிள் பாலம்மாள் விலங்கோடு வந்தாள்.

கற்பகவல்லி கீழே விழுந்த குச்சியை எடுத்து, பந்துகளைப் பழையபடி வைத்து, சாக் தேய்த்தாள். குனிந்தாள். ஒரே அடி! வெள்ளை அங்கே போய், சிவப்பைக் குழியில் தள்ளி, நூல் பிடித்த மாதிரி அவள் முன்னால் வந்து நின்றது.

சரவணக்குமாருக்கு வாய் பிளந்தது. "மேடம்... உங்களுக்கு ஆட வராதுன்னு நெனச்சேனே!"

"யுனிவர்சிட்டி சாம்பியன் சார். நல்லா அடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு. உங்க முன்னால தப்புத் தப்பா அடிக்கத்தான் ரொம்ப சிரமமாப் போச்சு!"