பின்பாரம்

வெண்டல் கோஸ்கெலா பின்னால் எடுத்தபோது வண்டி அவர் சொன்ன பக்கம் போகவில்லை. பின்பக்கம் தனக்கென்று ஒரு முடிவெடுத்து, வழுக்கி, அரைவட்டம் அடித்து, எதிர்வீட்டுத் தபால் பெட்டியைக் கம்பத்தோடு சாய்த்துவிட்டு நின்றது. குற்றவாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நவம்பர் வேட்டையில் மான் ஏற்றிவர இடம் வேண்டுமென்று வண்டியின் பின்தொட்டியிலிருந்த ஆறு மணல் மூட்டைகளையும் இறக்கி வைத்தவர் அவர்தான். மான் கிடைக்கவில்லை. மூட்டைகளுக்கு முன்னால் விறகு அடுக்கி, இந்த ஜனவரி வரைக்கும் அப்படியே விட்டவரும் அவர்தான்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, ஓட்டத் தெரியாதவர்களுக்கு என்பது அவர் நாற்பது வருடமாகச் சொல்லிவரும் வசனம். அவருடைய பழைய பிக்அப்பில் பின்சக்கரம் இரண்டு மட்டும்தான் இழுக்கும். பின்னால் பாரம் இல்லாவிட்டால் பனியில் அது வண்டியே இல்லை, சோப்பு.

விறகைத் தள்ளி மூட்டைகளை எடுக்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி அவரிடம் இல்லை. ஏரிக்கரைப் பக்கம் காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. பதினெட்டு மைல் தள்ளி, முனைச் சாலையின் கடைசி வீட்டில் அவருடைய அக்கா இர்மா, மூச்சு இயந்திரம் நின்றுபோய், மிச்சமிருந்த ஒரே சிறிய ஆக்சிஜன் சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலை விபத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. வெண்டல் பக்கத்து இருக்கையில் இரண்டு புதிய சிலிண்டர்களை வைத்து, கல்யாணத்துக்குப் போகும் உறவினர்களைப் போல பெல்ட் மாட்டியிருந்தார்.

சாயங்காலம் மூன்றரைக்கு முனைச் சாலையின் தொடக்கத்தில், பனி ஒதுக்கும் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த ரஸ் நீமி கண்ணாடியை இறக்கினார்.

"யோவ் வெண்டல், எங்கய்யா கிளம்பிட்ட?"

"அக்காவுக்கு காத்து கொண்டு போறேன்."

"நான் சர்ச் வளைவு வரைக்கும்தான் ஒதுக்கியிருக்கேன். அதுக்கு மேல ஒண்ணும் கண்ணு தெரியல." நீமி தொட்டியைப் பார்த்தார். அதில் ராத்திரி விழுந்த பனி முழங்கையளவு நிறைந்திருந்தது. "அடியில மணல் இருக்குல்ல? காலி வண்டியோட இந்த ரோட்டுல யாரும் போறதில்ல, தெரியும்ல?"

நீமியின் வண்டி நிறைய மணல் இருந்தது. கேட்டிருந்தால் நாலு மண்வாரி அள்ளிப் போட்டிருப்பார். ஆனால் அடுத்த நாலு வருடத்துக்கு மதுக்கடையில் அதைச் சொல்லியே சிரித்திருப்பார்.

"எனக்கே பாடம் எடுக்குறியா? ஆறு மூட்டை இருக்கு."

"இருந்தா சரி" என்றார் நீமி. சிரிக்கவில்லை.

சர்ச் வளைவைத் தாண்டியதும் உலகம் வெள்ளையாக மூடிக்கொண்டது. வானம் எங்கே முடிந்து சாலை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல், ஹீட்டரின் எரிந்த தூசி வாசனையும் நனைந்த கம்பளிக் கையுறையின் நாற்றமும் மூக்கில் ஏற, துடைப்பான் கண்ணாடியைக் கரகரவென்று தேய்க்க, ஏரியின் பக்கமிருந்து வந்த காற்று கதவிடுக்கில் நுழைந்து மெல்லிய குரலில் இழுத்துக்கொண்டே இருக்க, வெண்டல் முட்டையின் மேல் கால் வைத்ததுபோல ஆக்சிலரேட்டரை மிதித்துப் போனார். இருந்தும் பின்பக்கம் ஆடியது. இடது. வலது. மறுபடி இடது. ஒரு திருப்பத்தில் முழுதாகவே விட்டுக்கொடுத்துப் பள்ளத்தை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்தது.

அப்போது பின்னால் என்னவோ உட்கார்ந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. தொட்டியின் பாரம் தாங்கும் கமான் பட்டைகள் கிறீச்சிட்டன, அவ்வளவுதான். சக்கரங்கள் தரையைப் பிடித்தன. வண்டி நேரானது. முன்விளக்கின் வெளிச்சம் சாலையிலிருந்து ஒரு சாண் மேலேறி நின்றது.

பின்னால் பாரம் ஏற்றினால் விளக்கு அப்படித்தான் மேலே போகும்.

இறங்கிப் பார்த்தார். சாலையில் அவருடைய சக்கரத் தடம் தவிர வேறு தடம் இல்லை. தொட்டியில் யாரும் இல்லை. ஆனால் சமமாகக் கிடந்த பனியில், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால், ஒரு குழி. ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அழுந்துகிற அளவு. பனி எல்லா இடத்திலும் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் குழியில் மட்டும் விழவில்லை. அதற்கு ஒரு முழம் மேலே எதன்மீதோ பட்டு, சரிந்து, இருபுறமும் வழிந்தது.

வெண்டல் மெதுவாக நடந்து வந்து ஏறிக் கதவைப் பூட்டினார். பின்கண்ணாடி உறைந்து வெளுத்திருந்தது. அதற்காக ஆயுளில் முதன்முறையாக நன்றி சொன்னார்.

திரும்பிவிடலாமா என்று யோசித்தபோது கைபேசி அடித்தது.

"வெண்டல். எங்கடா இருக்க?"

"வந்துட்டேன்க்கா. பாலத்துக்கிட்ட."

"சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துருச்சு." இர்மா இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்றாள். "தனியாத்தான... வர்ற?"

"பின்ன, ஊர்வலமாவா வருவேன்?"

"காலியா... வரலல்ல?"

அவர் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

பாலத்தில் இரண்டாவது வந்து உட்கார்ந்தது. இந்த முறை எதிர்ப்பக்கம். வண்டி அழகாகச் சமன்பட்டது. நாற்பது வருடத்தில் இந்த வண்டி இவ்வளவு நன்றாக ஓடியதில்லை என்ற நினைப்பு வந்தது. உறைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ உரசியது. துணி உரசுவதைப் போல. ஈரத் துணி.

அடுத்தது மேடு. அதன் உச்சியில்தான் இர்மாவின் வீடு.

பாதி ஏறியதும் சக்கரங்கள் சுழன்றன. ரப்பர் கருகும் வாசனை. வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நழுவியது. மேலே ஜன்னலில் மெழுகுவர்த்தி தெரிந்தது. இருநூறு அடி. இந்தப் பனியில், இந்த நோய்ப்பட்ட இதயத்தை வைத்துக்கொண்டு, இரண்டு சிலிண்டரைத் தூக்கி அவர் இருநூறு அடி ஏற முடியாது.

பயந்தால் அவருக்கு வாய் நிற்காது. அம்மாவின் சவ அடக்கத்திலேயே ஜோக் அடித்தவர்.

"இன்னும் ரெண்டு பேர் இருந்தா ஏறிடலாம்" என்றார் சத்தமாக.

காற்று நின்றது.

கமான் பட்டைகள் கிறீச்சிட்டன. பிறகு மறுபடியும்.

வெளிச்சம் மரங்களின் உச்சிக்குப் போனது. சக்கரம் பிடித்தது. வண்டி ஏறியது. அவர் மிதித்தாரா என்பதுகூட அவருக்கு நினைவில்லை. சாலை தெரியவில்லை. கிளைகள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொன்றாக. வெள்ளையாக.

வீட்டு முன்னால் நின்றது.

எஞ்சினை அணைக்கக் கை வரவில்லை. வெளிச்சம் ஒரு படி கீழே இறங்கியது. யாரோ இறங்கியிருக்கிறார்கள். இன்னொரு படி. பிறகு இன்னொன்று. வெண்டல் காத்திருந்தார். நான்காவது படி இறங்கவில்லை. மெழுகுவர்த்தி ஜன்னலில் தாழ்ந்துகொண்டிருந்தது.

சிலிண்டர்களை அணைத்துக்கொண்டு கதவைத் திறந்து குதித்தார். தொடை வரைக்கும் புதைந்தார். அந்த முற்றத்துப் பனியில் அவர் எடைக்கு முழங்கால் வரைக்கும்தான் புதையும். தெரியும். நேற்றும் அவர் இதே முற்றத்தில்தான் நடந்தார். ஒவ்வோர் அடியும் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார். மரப்படி அவருக்குக் கீழே முனகியது. இரும்பு கனக்கிறது என்று சொல்லிக்கொண்டார். வயசாகிவிட்டது. அவ்வளவுதான். கழுத்தின் பின்புறம் ஜில்லென்றிருந்தது.

"அக்கா, கதவைத் திற."

கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் இர்மாவின் முகம். மூக்கில் குழாய். உதடு நீலம்.

"படியில வச்சுட்டு... போயிரு."

"உன்னால தூக்க முடியாதுக்கா. நான் மாட்டித் தர்றேன். திற."

"யாரைக் கூட்டிட்டு வந்த?"

"யாருமில்ல."

அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது. கண் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குச் சற்று மேலே பார்த்தது.

"எனக்குப் பின்னால என்னக்கா இருக்கு? நேராச் சொல்லு. எத்தன பேரு?"

இர்மா குழாயில் மிச்சமிருந்ததை இழுத்தாள். உஸ் என்ற சத்தம் தேய்ந்து நின்றது.

"பின்னால மூணு பேரு. நீ மேல வந்த தடத்துலயே... வரிசையா நிக்கிறாங்க. முகத்துல பனி. நாலாவது... பின்னால இல்லடா. உன் முதுகுல ஏறி உக்காந்திருக்கு. உன் தோள்மேல தாடைய வச்சுக்கிட்டு... என் கையையே பாத்துட்டிருக்கு. எனக்கு மூச்சு முட்டுது, வெண்டல். நான் திறந்துதான் ஆகணும். அது... அதுக்குத் தெரிஞ்சிருக்கு."