கண்ணாடி ஈப்பொறி

ஆறாவது மாடிக்கு ஈ வருவது அபூர்வம். சிங்கப்பூர் புக்கிட் மேராவில் அந்த வீட்டுக்குக் குடிவந்த ஏழு வருஷத்தில் உர்சுலா அங்கே ஈயைப் பார்த்தது நாலைந்து தடவைதான் இருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை காலை, சமையலறை ஜன்னலோரம் வைத்திருந்த கண்ணாடிப் பொறிக்குள் பதினான்கு ஈக்கள் மிதந்ததைப் பார்த்ததும் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

பொறியை அவள் முந்தின நாள்தான் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் வாங்கியிருந்தாள். மூன்று குட்டைக் கால்களில் நிற்கும் மணி போன்ற கூடு. அடியில் ஒரு துளை, துளையைச் சுற்றி உள்பக்கமாக ஒரு சிறு வாய்க்கால். வாய்க்காலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக் கீழே பழத்துண்டை வைத்தால், பழத்தில் உட்கார்ந்து எழும்பும் ஈ துளை வழியே உள்ளே போய், வெளியே வரத் தெரியாமல் கண்ணாடியில் மோதி மோதித் தண்ணீரில் விழும். வாயால் ஊதிச் செய்தது. நூறு வயதாவது இருக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிப் பழத்துண்டும் வைத்தாள். விழுந்தவை எல்லாம் பச்சையாக மின்னும் தடித்த ஈக்கள்.

உர்சுலா இருபத்திரண்டு வருஷம் ஓர் ஆஸ்பத்திரி மருந்தறையில் புட்டி கழுவியவள். பிளாஸ்டிக் வந்து பழைய கைப்புட்டிகளைக் குப்பையில் கொட்டியபோது அவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் ஆரம்பம். கணவர் காலமான பிறகு அதுவே துணையாகிவிட்டது. ஹால் சுவரை ஒட்டிய அலமாரியில் இப்போது நீல விஷப்புட்டிகள், விளக்குச் சிம்னிகள், கழுத்தில் கோலி அடைத்த கனத்த சோடா புட்டிகள் என்று எழுபதுக்கு மேல் இருந்தன. கைப்புட்டிகளின் அடியில் ஊதுகுழாயிலிருந்து உடைத்தெடுத்த தழும்பை அவள் விரல் அறியும்.

அந்தச் சுவரின் மறுபக்கம் சிலுவைராஜின் அறை. ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். இரண்டு வருஷமாக அவளிடம் வாடகைக்கு இருந்தான். குரலை உயர்த்தமாட்டான். அரிசி மூட்டையை அவள் கேட்பதற்குள் மாடிக்குத் தூக்கி வந்துவிடுவான். அவளுடைய ரகசியம் ஒன்று அவனுக்கு மட்டும் தெரியும். போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு உர்சுலாவின் மூக்குக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. ஒருநாள் அடுப்பில் கறி கருகி வீடே நாறியபோது அவள் ஹாலில் உட்கார்ந்து புட்டி துடைத்துக்கொண்டிருந்தாள். அவன்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தான்.

“உங்களுக்கு வாசனையே தெரியலையா அக்கா?”

யாரிடமும் சொல்லாதே என்றாள். அவன் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை அவன் மனைவி அருள்ஜோதி மலேசியாவின் ஜோகூரிலிருந்து ஒரு சின்னப் பையோடு வந்திருந்தாள். ஒடிசலான பெண். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு ஏதோ கனமாக விழுந்த சத்தம். காலையில் அவன் மட்டும் வெளியே வந்தான். “முதல் பஸ்ஸுக்கே அனுப்பிட்டேன் அக்கா. அவங்கம்மாவுக்கு முடியலயாம்” என்றான். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று உர்சுலா மேலே கேட்கவில்லை.

அதன் பிறகு அலமாரி சிணுங்க ஆரம்பித்தது. பக்கத்து நிலத்தில் புது அடுக்குமாடி புளோக்குக்காக அஸ்திவாரத் தூண் இறக்கும் பைலிங் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிர்வில் புட்டிகள் ஒன்றோடொன்று உரசி மெல்லிய சத்தம் எழுப்புகின்றன என்றுதான் அவள் நினைத்தாள். இடையிடையே துணியை மடித்துச் செருகினாள். ஆனாலும் நின்றபாடில்லை.

இந்தச் சனிக்கிழமை பொறியில் தண்ணீரே தெரியவில்லை, ஈக்கள் அப்படி அப்பிக் கிடந்தன. பழத்தை எடுத்துவிட்டாள். அப்படியும் வந்தன.

அன்று மாலை லிஃப்ட் வாசலில் எதிர்வீட்டு அப்துல் மஜீது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க லா. உங்க வீட்டுலேர்ந்துதான் வருது. நாலு நாளா எங்களால சாப்பிட முடியல.”

“என்ன வருது பாய்?”

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். “செத்த வாடை.”

அன்றிரவு அவள் தூங்கவில்லை. சமையலறை, குளியலறை, கட்டிலடி எல்லாவற்றையும் கழுவிவிட்டாள். ஈக்களைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். அவை ஜன்னலிலிருந்து வரவில்லை. சிலுவைராஜின் கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல்கடை இடைவெளி. அங்கிருந்து ஒன்று ஊர்ந்து வந்தது, சிறகை உதறியது, பறந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஓவர்டைம் என்று கிளம்பிப் போனான். அவள் பூசைக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்கு வந்தாள். நல்ல மழை. ஹாலில் உட்கார்ந்து நனைந்த கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அலமாரி சிணுங்கியது.

மூன்று தடவை. பிறகு நின்றது. மறுபடி மூன்று தடவை.

கை அப்படியே நின்றது. இன்று ஞாயிறு. பைலிங் இல்லை.

காதைச் சுவரில் வைத்தாள். மறுபக்கம், தரைக்குச் சற்று மேலே, மிருதுவான எதுவோ சுவரில் முட்டியது. முட்டியது. முட்டியது.

அறையின் இன்னொரு சாவி அவளிடம் இருந்தது. மூன்றாம் முயற்சியில்தான் துவாரத்தில் நுழைந்தது.

ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. இருட்டு. இரைச்சல், ஈக்களின் இரைச்சல். மெத்தையைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்திருந்தான். அவள் அதைத் தள்ளினாள்.

அருள்ஜோதி உட்கார்ந்திருந்தாள். கைகள் கம்பியால் கட்டில் காலோடு. வாய்க்குள் துணி. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. கறுத்து, வீங்கி, பிளந்து. பிளவுக்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. தலைக்குப் பின்னால் சுவரில் காய்ந்த பழுப்பு வட்டம்.

உர்சுலா சிலுவை போட்டுக்கொண்டாள். செத்தவளின் கண்ணை மூடலாம் என்று கையை நீட்டினாள்.

கண் இமைத்தது.

துணியைப் பிடுங்கினாள். கூடவே ஒரு பல் வந்தது. கம்பியை முறுக்கி முறுக்கி ஒரு கையை விடுவித்தாள். விரல்களில் ரத்தம், யாருடையது என்று தெரியவில்லை. அருள்ஜோதியின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டாள்.

“துணியத் திரும்ப வச்சிடுங்க அக்கா. தண்ணி குடுக்க வர்ற நேரம்.”

வெளியே இரும்புக் கேட் திறந்தது.

ஹாலுக்கு ஓடினாள். சிலுவைராஜ் நனைந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான். அறைக்கதவு திறந்திருப்பதைப் பார்த்தான். பூட்டில் தொங்கிய சாவியைப் பார்த்தான்.

“ஏன் அக்கா?” குரல் எப்போதும்போல் மெதுவாக இருந்தது. “உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.”

கூந்தலைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். மூக்கு உடைவது மண்டைக்குள் கேட்டது. மறுபடி மோதினான். அவள் விழும்போது அலமாரியின் தட்டைப் பிடித்தாள். அலமாரி சாய்ந்தது. அத்தனை புட்டிகளும் ஒரே சத்தமாக இறங்கின. அவன் வெறுங்காலோடு உடைசல்மேல் மிதித்தான். முதல் தடவையாக அவன் அலறுவதைக் கேட்டாள். கீழே உருண்ட ஒரு சோடா புட்டி கையில் பட்டது. கனமானது. அவன் குனிந்தபோது பொட்டில் அடித்தாள். புட்டி உடையவில்லை. அடித்தாள். புட்டி உடையவில்லை. உள்ளே கோலி கடகடவென்று ஆடியது. அவன் மண்டியிட்டு, கண்ணாடிமேல் முகம் குப்புற விழும்வரை அடித்தாள்.

பிறகு மழை மட்டும்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. ஏதோ இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அருள்ஜோதி அறையிலிருந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தாள். இன்னொரு கையையும் அவளே பிடுங்கியிருந்தாள். மணிக்கட்டில் தோல் உரிந்து கையுறைபோல் மடங்கியிருந்தது. உடைசல்மேல் ஊர்ந்தாள். முகத்தில் வலி இல்லை. அவனிடம் வந்து, முதுகில் காதை வைத்து, நெடுநேரம் கேட்டாள்.

“மூச்சு இருக்கு” என்றாள். சிரித்தாள்.

எதிர்வீட்டுக் கேட் திறந்தது. “அக்கா? என்ன சத்தம் அக்கா?” மஜீதின் குரல்.

“கதவச் சாத்துங்க” என்றாள் அருள்ஜோதி.

உர்சுலா எழுந்து போய்ச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். அது தன் கைதானா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

அருள்ஜோதி தரையில் துழாவி ஒரு நீலக் கண்ணாடித் துண்டைத் தேர்ந்தெடுத்தாள். வேண்டாம் என்று வைத்துவிட்டு, அதைவிடச் சிறியதாக ஒன்றை எடுத்தாள். சிலுவைராஜின் கண்கள் திறந்தன. உடம்பு அசையவில்லை, கண்கள் மட்டும் உர்சுலாவைத் தேடிப் பிடித்துக்கொண்டன. அருள்ஜோதி அவன் காற்சட்டையை முழங்கால்வரை நிதானமாக, ஒரு குழந்தைக்குச் செய்வதுபோல் மடித்துவிட்டு, வேலையை ஆரம்பித்தாள்.