வாய் திறக்காத வால்வு

தையல்காரி நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்ததைப் பார்த்து அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

"இடுப்பு வலியாம்மா?"

"வண்டிதான் சார். வீட்டுக்காரரோட மொபெட்டு. ஒரு மாசமா பின்னாடி ஒரு பக்கம் ஸ்பிரிங் இல்ல, குழாய்த் துண்டு வச்சிருக்காரு. தூக்கித் தூக்கிப் போடுது." சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தோம்? "நான் என் தம்பிக்காக வந்திருக்கேன் சார்."

அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் சொல்வார்கள். ஆலைக் கொதிகலன்களைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே எது வெடித்தாலும், ஏன் வெடித்தது என்று கேட்டு வக்கீல்கள் அவரிடம்தான் வருவார்கள். பக்கத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதத் துடித்துக்கொண்டிருந்தவள் அவருடைய அக்கா மகள், கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுப்பவள். அவளை எல்லோரும் 'டீச்சர்' என்றார்கள்.

தையல்காரி சொன்னாள். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவை ஆலை அது. கொதிகலனைக் கவனிப்பது அவள் தம்பி. அங்கேயே எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அவள் கணவர். போன வாரம் ஒரு காலைப் பொழுதில் கொதிகலன் வெடித்தது. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அங்கேயே போய்விட்டார். தம்பி உடம்பெல்லாம் வெந்து, தொண்டையில் குழாயோடு கிடக்கிறான். ஆவி அளவு மீறினால் தானாகத் திறக்க வேண்டிய வால்வின் கைப்பிடியில், திறக்க முடியாதபடி கம்பி சுற்றியிருந்ததை ஆலை மேனேஜர் பார்த்தாராம். அவன்தான் கட்டினான் என்று போலீஸ் சொல்கிறது.

"வார்டு வாசல்ல ஒரு போலீஸ்காரரு உக்காந்திருக்காரு சார். இவன் பேசுற நிலைமைக்கு வந்ததும் கைது பண்ணணுமாம். பிழைக்கணும்னு வேண்டிக்கவே பயமா இருக்கு."

நிதானம் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கொதிகலன் கொட்டகையின் கூரைத் தகடுகள் பறந்துபோயிருந்தன. கொதிகலனின் அடிவயிறு கிழிந்து மேல்பாகம் மட்டும் நின்றது. எங்கும் கரி. தம்பி சாப்பாட்டுத் தூக்கு வைக்கும் மூலையைப் பார்க்கக்கூடாது என்று தையல்காரி தலையைத் திருப்பிக்கொண்டாள். மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பிட்டர் ஒதுங்கிச் சுவரோரம் நின்றார். ஒரு வாரமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மச்சான்மேல் அவ்வளவு பாசம் என்று தையல்காரி நினைத்திருந்தாள்.

நிதானம் முதலில் அழுத்தமானியைப் பார்த்தார். கொதிகலன் செத்துக் கிடந்தும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. பாதி வழியில் நின்றது.

"உள்ள ஒரு வளைஞ்ச குழாய் இருக்கும்," என்றாள் டீச்சர், தையல்காரியின் காதருகே. "அழுத்தம் ஏறினா நிமிரும், இறங்கினா பழையபடி வளையும். தாங்க முடியாத அளவுக்கு இழுத்துட்டா மறுபடி பழைய நிலைக்கு வராது. அப்ப அழுத்தம் எங்கயோ போயிருக்கு."

பிறகு அவர் அடுப்பு வாயருகே குனிந்தார். எரிந்துகொண்டிருந்த கட்டைகள் வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தன. அவற்றை இழுக்கும் இரும்புக் கோரி அங்கேயே கிடந்தது.

"உன் தம்பி ஓடலைம்மா," என்றார். அதுவரை 'நீங்க' என்றவர் தன்னையறியாமல் ஒருமைக்கு வந்திருந்தார். "முள் ஏறுது, வால்வு திறக்கலைன்னு பாத்திருக்கான். நெருப்பை வெளிய இழுத்துப் போட நின்னுருக்கான். வால்வை அவனே கட்டியிருந்தா அவிழ்க்கப் போயிருப்பான்."

தையல்காரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவர் வால்வில் சுற்றியிருந்த கம்பியை மெல்லப் பிரித்தார். கம்பிக்கு அடியிலும் கைப்பிடி கரி அப்பியே இருந்தது. டீச்சர் துள்ளினாள். "மாமா! கம்பி முன்னாடியே இருந்திருந்தா அடியில சுத்தமா இருக்கணும். வெடிச்ச பிறகு யாரோ கட்டியிருக்காங்க!" அவள் பார்வை மேனேஜரைக் குத்தியது. "கம்பியைக் கண்டுபிடிச்சது நீங்கதானே சார்?"

"கண்டுபிடிச்சேன்னா கட்டினேன்னு அர்த்தமா?" மேனேஜர் குரல் உயர்ந்தது. "அன்னிக்கு மத்தியானம்தான் நான் உள்ளயே வந்தேன்!"

"விடுங்க சார்," என்றார் பிட்டர், சோர்ந்த குரலில். "கம்பியோ, ஸ்பிரிங்கோ, தீயில வெந்த பிறகு எதை வச்சு என்ன சொல்ல முடியும்? போனவங்க வரப்போறாங்களா?"

நிதானம் அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஒரு ஸ்பானர் கேட்டு வாங்கி வால்வின் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.

மறுநாள் மாலை எல்லோரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். ஜன்னல் கம்பியில் இரண்டு ஸ்பிரிங்குகள் தொங்கின. இரண்டும் ஒரே உயரம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு இஸ்திரிப் பெட்டி. இரண்டு பெட்டிகளும் ஒரே எடை.

"இது இதே மாதிரி கொதிகலன் இருக்கிற வேற ஆலையில கேட்டு வாங்கினது," என்று ஒன்றைத் தொட்டார். "இது உங்க வால்வுக்குள்ள இருந்தது. டீச்சர், இழுத்து விடு."

முதல் பெட்டி தூளிபோல மெதுவாக ஏறி இறங்கியது. இரண்டாவது வெடுக் வெடுக்கென்று துள்ளியது.

"அது ஒரு தடவை ஆடுறதுக்குள்ள இது ரெண்டு தடவை ஆடுது," என்றாள் டீச்சர். "வேகம் ரெண்டு மடங்குன்னா, விறைப்பு நாலு மடங்கு. அதே திருகை அதே அளவுக்கு முடுக்கியிருந்தா, ஆவி நாலு மடங்கு பலத்தோட தள்ளினாத்தான் வால்வு திறக்கும். அதுக்குள்ள கொதிகலன் கிழிஞ்சிடும்."

"சூட்டுல இறுகியிருக்கலாம் இல்ல?" என்றார் மேனேஜர்.

"சூடு பட்டா ஸ்பிரிங் தளரும் சார். விறைக்காது," என்றார் நிதானம். "இது வேற ஸ்பிரிங். ஒரு முனை ஸ்பிரிங் செய்யிற இடத்துல தேய்ச்ச மாதிரி மட்டமா இருக்கு. மறுமுனை ரம்பத்தால அறுத்தது. பெரிய ஸ்பிரிங்கைப் பாதியா வெட்டிப் போட்டிருக்காங்க. சுற்றுக்கு நடுவுல கொஞ்சம் நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்கு."

தையல்காரியின் கை தானாகவே இடுப்புக்குப் போனது. மொபெட்டின் இன்னொரு பக்கத்து ஸ்பிரிங் அவள் கண்முன் வந்தது. வண்டி கழுவும் ஒவ்வொரு முறையும் அவள் துடைத்தது அது. நீலம். நிதானம் இனிமேல் எதுவும் சொல்லாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தாள். போகவில்லை.

"நேத்து எல்லாரும் கம்பியைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்," என்றார் நிதானம். குரலில் வெற்றி எதுவும் இல்லை. "அப்ப நான் மூடியைக்கூடத் தொடலை. ஸ்பிரிங்னு சொன்னது ஒருத்தர்தான்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். அவளும் இதை எதிர்பார்க்கவில்லை. பேனா அவள் கையில் அப்படியே நின்றது.

"வேற யாராவது செஞ்சிருக்க முடியாதா சார்?" என்று கேட்டாள் தையல்காரி.

பிட்டர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"வால்வு ஓயாம ஒழுகிட்டே இருந்துச்சு. ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு, புதுசு வேணும்னு எத்தனை தடவை கேட்டேன். எப்படியாவது நிறுத்துன்னாரு மேனேஜரு. என் வண்டியில இருந்து ஒண்ணைக் கழட்டினேன். முழுசா போட்டா விறைப்பா இருக்கும், பாதியா வெட்டினா பாதி பலம்தானேன்னு..." அவர் தலையைத் தூக்கினார். "அப்படித்தானே இருக்கணும்?"

"இல்லங்க," என்றாள் டீச்சர். அவள் குரல் இறங்கிவிட்டது. "நீளமான ஸ்பிரிங்ல எல்லாச் சுற்றும் கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு கொடுக்கும். பாதியை வெட்டிட்டா, அதே அளவுக்கு அமுக்க மிச்சச் சுற்று ஒவ்வொண்ணும் ரெண்டு மடங்கு வளையணும். பலம் குறையாது. கூடும்."

"நான் ஸ்பிரிங்கை மாத்துன்னு சொல்லவே இல்லையே," என்று முணுமுணுத்தார் மேனேஜர்.

"நீங்க என்ன சொன்னீங்கன்னும் அறிக்கையில எழுதுவேன்," என்றார் நிதானம்.

தையல்காரி மெல்லத் தன் கணவர் பக்கம் திரும்பினாள். "ஸ்பிரிங் தெரியாம செஞ்சது. சரி. கம்பி?"

பிட்டர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக் கையில் உருட்டினார்.

"அன்னிக்குக் காலையிலயே ஆஸ்பத்திரியில டாக்டரு, ராத்திரி தாண்ட மாட்டான்னு சொல்லிட்டாரு," என்றார் கடைசியில். "அங்கிருந்து நேரா கொட்டகைக்குப் போனேன். போறவன் பேர்ல போகட்டும், இருக்கிறவங்களாவது பிழைப்போம்னு... நான் கட்டிட்டு வந்தேன். அவன் பிழைச்சுட்டான்."

'அவன் பிழைச்சுட்டான்' என்று சொன்னபோது அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா துக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடம் கூட வாழ்ந்தவர். அடிக்கத் தோன்றியது. தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க கொண்டு வந்த வழக்கும்மா இது," என்றார் நிதானம். "எழுத வேண்டாம்னு நீங்க கேட்டா, அதைக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா என்னால முடியாது. மடிப்பு வேலை செஞ்ச அந்த அம்மாவுக்கும் வீட்டுல ஆளுங்க இருக்காங்க."

"நான் கேக்கலை சார்." அவள் எழுந்தாள். "எழுதுங்க."

பிட்டர் தடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஸ்டேஷனுக்கு நானே போறேன்," என்றார். யாருக்காவது துணைக்கு வரத் தோன்றுமா என்று பார்ப்பதுபோல வாசலில் கொஞ்சம் நின்றார். நிதானம்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனார்.

இரண்டு நாள் கழித்து வார்டு வாசலில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. தம்பியின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் பேசலாம், அதிகம் வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். கட்டுகளுக்கு நடுவே அவன் கண்கள் அக்காவைத் தேடிக் கண்டுபிடித்தன. உதடு பிரிய நேரமாயிற்று.

"அக்கா... அன்னிக்கு மாமா முற்றத்துலதான் நின்னுட்டு இருந்தாரு. கத்தினேன், அவருக்குக் கேக்கலை." மூச்சு வாங்கியது. "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

எங்கே தொட்டால் வலிக்காது என்று தெரியாமல், அவள் கையைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் வைத்துக்கொண்டாள்.

"இல்லடா," என்றாள். "அவருக்கு ஒண்ணும் ஆகலை."

தம்பி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.