இரவல் கூவு

போடிமெட்டில் ஜீப் நின்றபோது அன்னக்கொடிக்குக் காது அடைத்துப் போயிருந்தது. கீழே ராசிங்காபுரத்தில் புழுதியும் வெயிலுமாக இருந்த ஆவணி, இங்கே ஈரத் துணியைப் போல முகத்தில் வந்து ஒட்டியது. கூட வந்த பெண்கள் இறங்கி, தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பாதையில் நடந்தார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். செல்லக்கிளி இருந்த இடத்துக்கு வந்திருக்கிறவள் இவள்தானா?

அவள் புருஷன் கன்னையன் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவனுக்கு அது இரண்டாம் கல்யாணம். செத்துப்போன முதல் மனைவி செல்லக்கிளியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால்கூட அன்னக்கொடிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏலத்தோட்டத்தில் அவன் ஸ்டோர்க்காரன். பறித்து வரும் பச்சைக் காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். நெருப்பு அணைந்தால் காய் கெட்டுவிடும்; அதை விட்டு அவன் நகர முடியாது. வீடும் ஸ்டோரை ஒட்டியே இருந்தது. உள்ளே நுழைந்ததும் புகையும் ஏலமும் கலந்த வாசனை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. யாரோ இப்போதுதான் தலை உலர்த்திவிட்டு எழுந்து போனதுபோல, ஈரக் கூந்தலின் வாசனை.

அவள் ஜன்னலைத் திறந்துவைத்தாள். அது போகவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு மாயக்காள் அவளைக் காய் எடுப்புக்குக் கூட்டிப்போனாள். செடிகள் ஆளுயரத்துக்கு மேல் நின்றன. காய்ச்சரங்களோ தரையோடு கிடந்தன. குத்தவைத்துத்தான் பறிக்க வேண்டும். பனிமூட்டம் இறங்கினால் அடுத்த செடியில் இருப்பவள்கூடத் தெரியமாட்டாள்.

"முதல்ல உனக்குன்னு ஒரு கூவு வச்சுக்கத்தா," என்றாள் மாயக்காள். "பேரச் சொல்லிக் கூப்பிட்டா மூட்டம் முழுங்கிரும். என் கூவு எருமை கத்துற மாதிரி இருக்கும். அதுக்குப் பயந்தே ஆனை இந்தப் பக்கம் வர்றதில்ல."

ரோடு போடுவதற்கு முந்தி போடிக்காரர்கள் குரங்கணி வழியாக நடந்தே மலை ஏறினார்கள். அரிசியும் கருவாடும் மேலே போயின, ஏலக்காய் மூட்டைகள் கீழே வந்தன. போடியின் மாடி வீடுகளும் கடைத்தெருவும் அப்படித் தலைச்சுமையில் இறங்கி வந்தவைதான். மூட்டத்தில் முன்னால் போகிறவன் தெரியாது, கூவுவார்கள். பதில் வந்தால் ஆள் இருக்கிறான். பிறகு ரோடு வந்தது, ஜீப் வந்தது. கூவு மட்டும் தோட்டங்களில் தங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்று, ஒன்றைப்போல் ஒன்று இராது. செத்தவர்களின் கூவை யாரும் எடுப்பதில்லை. அது கேட்டால் யாரும் பதில் கொடுப்பதுமில்லை.

அன்னக்கொடி இரண்டு குட்டைக் கூவுகளை வைத்துக்கொண்டாள்.

மாலையில் பெண்கள் கூவிக்கொண்டே சரிவில் இறங்கினார்கள். ஸ்டோர் வாசலிலிருந்து கன்னையன் ஒவ்வொருத்திக்கும் "ஓ" என்றான். அன்னக்கொடிக்கும் அதே "ஓ". விறகைத் தள்ளிக்கொண்டே, தலையைத் திருப்பாமல். கடைசிப் பெண்ணும் வந்து சேர்ந்த பிறகு அவன் வாசலுக்கு வந்து, சரிவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.

அவள் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தாள். தினமும் நின்றான். எல்லோரும் வந்தாயிற்று, இன்னும் யாருக்காக?

போன மழைக்காலத்தில் செல்லக்கிளி ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தாள் என்று மாயக்காள் சொன்னாள். வெகுநேரம் கூவியிருக்கிறாள். தகரக் கூரையில் கொட்டிய மழையில் ஸ்டோருக்குக் கேட்கவில்லை. இல்லை, கேட்டும் நெருப்பை விட்டுவிட்டு வர முடியவில்லையோ என்னவோ. அதை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

பிறகு ஒரு மத்தியானம் மூட்டம் அடர்ந்து இறங்கியது. பறவைகள் அடங்கின. செடிகளுக்கு மேலே, ஓடைப் பக்கமிருந்து ஒரு கூவு வந்தது. நீளமாக எழும்பி, உச்சியில் சிரிப்பைப் போல ஒரு வளைவு வளைந்து, சட்டென்று அறுந்தது.

யாரும் பதில் கொடுக்கவில்லை.

மாயக்காள் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டு பறித்தாள்.

அன்னக்கொடிக்குப் புரிந்தது. பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. எவ்வளவு அழகான குரல். செத்த பிறகும் எவ்வளவு அழகு. இதற்காகத்தான் நிற்கிறானா? அவள் அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் மாலை சரிவில் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, அதைக் கூவினாள்.

கன்னையன் ஓடி வந்தான். செருப்பில்லாமல், கையில் நெருப்புத் தள்ளும் கம்பியோடு. மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்த அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. இவள்தான் என்று தெரிந்ததும் அது அணைந்தது.

"யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு?"

"யாருமில்ல மாமா. காட்டுல கேட்டேன்."

அவன் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தான். கம்பியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "இனி அது வேணாம் புள்ள. உன் கூவையே கூவு. எங்க இருந்தாலும் நான் வர்றேன்."

அவள் ஜெயித்துவிட்டாள். அப்படித்தான் நினைத்தாள். அன்றிலிருந்து அவளுடைய கூவுக்கு மட்டும் அவன் இரண்டு முறை "ஓ" சொன்னான். அவள் வந்ததும் வாசலில் நிற்காமல் கூடவே உள்ளே வந்தான். ஈரக் கூந்தலின் வாசனையும் வீட்டை விட்டுப் போயிருந்தது.

அது எங்கே போயிற்று என்று அவள் யோசிக்கவில்லை.

அடுத்து வந்த மூட்ட நாளில் அவளுக்குக் காய்ச்சல். எடுப்புக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவள் பாதிவழியில் திரும்பி, பின்வாசல் வழியாக ஸ்டோருக்குள் வந்து, காய்த்தட்டுகளுக்கு நடுவே கதகதப்பில் சுருண்டு படுத்தாள். முன்வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்த கன்னையனுக்கு அது தெரியாது.

சரிவிலிருந்து இரண்டு குட்டைக் கூவுகள் வந்தன.

அவளுடைய கூவு. அவளுடைய குரல்.

அவள் வாய் மூடியிருந்தது.

"ஓ," என்றான் கன்னையன். "ஓ." கோடரியைக் கீழே போடும் சத்தம் கேட்டது. அவன் நடந்தான்.

அவள் தட்டுகளைச் சரித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவன் முதுகு மூட்டத்துக்குள் கரைந்துகொண்டிருந்தது. மாமா என்று அலற வாயைத் திறந்தாள்.

நீளமாக எழும்பி, உச்சியில் சிரிப்பைப் போல ஒரு வளைவு வளைந்து, சட்டென்று அறுந்தது.

கன்னையன் நின்றான். திரும்பவில்லை. அவனுக்குப் பின்னால் செத்தவள் கூவுகிறாள். முன்னால் பெண்டாட்டி கூவுகிறாள். அவன் ஓட ஆரம்பித்தான், முன்னால்.

அவள் மறுபடி கத்தினாள். மறுபடியும் அதுதான் வந்தது. அவன் இன்னும் வேகமாக ஓடினான். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதபடி பின்னால் ஓடினாள். ஓடைப் பாறையில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டமே தேடியது. சட்டைகூடக் கிடைக்கவில்லை.

அன்னக்கொடி போடிக்கு இறங்கி வந்து, ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் காய் பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். பெருங்காய், சிறுகாய், வெளுத்தது என்று பிரித்துப் போடுகிற பெண்கள் நடுவே அவள் மட்டும் பேசமாட்டாள். ஊமை என்றே நினைத்தார்கள்.

அடுத்தடுத்து ஆவணிகள் போயின. ஒருநாள் மாயக்காள் மேலேயிருந்து ஜீப்பில் இறங்கி அவளைத் தேடி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சுளகிலிருந்து ஒரு காயை எடுத்து உருட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்: "அந்தப் பழைய கூவு இப்ப கேக்குறதில்லத்தா. மூட்டம் இறங்குனா உன் கூவுதான் கேக்குது. கன்னையன் பதில் சொல்றான். ரெண்டு தடவ."

அன்னக்கொடியின் கண்கள் கேட்டன.

"சந்தோசமாத்தான் சொல்றான்," என்றாள் மாயக்காள்.

சுளகில் காய்கள் குலுங்கின. மேலே தன் குரல் அவனோடு குடித்தனம் நடத்துகிறது. அன்னக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாயக்காள் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த காயை வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னாள்.

"இந்த வருசம் மூணாவதா ஒண்ணும் கேக்குது. சின்னக் கூவு. இப்பத்தான் பழகுற மாதிரி."